துவங்க மறுத்த கணினியும் என் கணக்கும்



சென்ற ரமளானின் இறுதிப் பத்தில் எங்கள் வீட்டுக் கணினி துவங்க மறுத்துவிட்டது. பார்வைக்கு இது மிகச் சிறிய செய்தி. ஆயினும் அந்த இரண்டு நாள்களில் நான் கற்றுக்கொண்டதை எழுதிவைப்பது என் மீது கடமை என்று கருதுகிறேன். கணினி பழுதானால் என்ன செய்ய வேண்டும் என்பதும் இதில் உண்டு. என்னிடம் இருந்த பழுது என்னவென்பதும் உண்டு.

ஆம்பூரில் என்னுடையது சிறு தொழில். காலணித் தொழிற்சாலைகளில் வெட்டித் தரும் தோல் துண்டுகளை வாங்கி வந்து, கைத்தையலுக்காக வீடுகளில் உள்ள பெண்களிடம் கொடுத்து, தைத்து முடிந்த அப்பர்களைத் திரும்பக் கொண்டுபோய் ஒப்படைக்கிறேன். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் மாலை வேளையில் தெருவில் நடந்தால், திண்ணையிலும் வாசற்படியிலும் பெண்கள் ஊசியும் மெழுகு நூலுமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். கடல் கடந்து விற்கப்படும் காலணிகளின் முன்பகுதியில் தெரியும் அந்தத் தடித்த தையல் இவர்களுடைய விரல்களிலிருந்து வருகிறது. கூலி ஜோடிக் கணக்கு. என்னிடம் வேலை வாங்குவோர் 19 பேர். வாரந்தோறும் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பெருநாளுக்கு முன்பு தீர்த்துவிடுவது எங்களுக்குள் வழக்கம். இவ்வாண்டு 28ஆம் நோன்பன்று கொடுப்பதாக வாக்களித்திருந்தேன்.

யாருக்கு எத்தனை ஜோடி, எவ்வளவு முன்பணம், எவ்வளவு மீதி என்ற கணக்கு முழுவதும் கணினியில் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. அதற்கு நகல் இல்லை. துண்டுச் சீட்டில் குறித்து வருவதை இரவில் கணினியில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்து எறிந்துவிடுவேன். காகிதம் தொலையும், கணினி தொலையாது என்பது என் எண்ணம்.

பெருநாளை முன்னிட்டு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். கணினிப் பெட்டியின் இணைப்புகளையெல்லாம் கழற்றி, அதைப் பின்னறைக்குத் தூக்கிச் சென்று, துணி போர்த்தி வைத்தோம். நான்கு நாள்கள் அது அங்கேயே கிடந்தது. 26ஆம் நோன்பன்று அஸர் தொழுகைக்குப் பின் பழைய இடத்தில் வைத்து, இணைப்புகளைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழன்றது. திரை மட்டும் இருண்டே இருந்தது. சற்று நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து நீண்ட ஒலி ஒன்று எழுந்தது, நின்றது, மீண்டும் எழுந்தது.

அணைத்தேன், மீண்டும் போட்டேன். இவ்வாறு பத்து முறையேனும் செய்திருப்பேன். சுவரிலுள்ள பிளக்கை மாற்றினேன். திரைக்குச் செல்லும் கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். நோன்பு திறக்கும் நேரம் வந்தது. கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். "பாய், பெருநாள் நேரம், கடையில தலைக்கு மேல வேலை. நாளைக்கு ராத்திரி தராவீஹ் முடிஞ்சதும் வீட்டுக்கே வந்துடறேன். அதுவரைக்கும் அதை ஆன் பண்ணாதீங்க" என்றார்.

அன்றிரவு என் மைத்துனர் ஒரு வழி கூறினார். "மச்சான், எதுக்கு இவ்வளவு கவலை? எல்லாருக்கும் ஒரே மாதிரி ரெண்டாயிரம் கொடுத்துடுங்க. பெருநாள் கழிச்சுப் பார்த்துக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்தப் பெண்களில் ஒருவர்கூட என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அந்த யோசனையில் என் உள்ளம் ஒரு கணம் சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் இமாமிடம் இதைக் கூறினேன். அவர் நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. "கணக்கு உங்க கையில இல்லாதது உங்க குறை; அவங்க குறை இல்லையே? அவங்ககிட்டயே போய்க் கேளுங்க. சொல்றதை எழுதிக்குங்க" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் 19 வீடுகளுக்கும் சென்றேன். இத்தனை ஆண்டுகளில் வாசலில் நின்று மூட்டையைக் கொடுத்து வாங்கியதன்றி, இவ்வீடுகளில் அமர்ந்து பேசியது அரிது. நான் ஊகித்தவரை அவர்கள் தோராயமாக ஏதேனும் சொல்வார்கள். நடந்தது வேறு. ஒருவர் மளிகைக் கடை நாள்காட்டியைச் சுவரிலிருந்து இறக்கினார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் ஓர் எண். இன்னொருவர் தம் மகளின் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காட்டினார். அந்தச் சிறுமியே தாய்க்காக வரவு வைத்திருந்தாள். ஒரு மூதாட்டி என்னைக் கதவுக்குப் பின்னால் அழைத்துச் சென்றார். சுவரில் கரிக்கோடுகள், ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக்கோடு.

"நீங்க மெஷின்ல எழுதறீங்க பாய், நான் சுவத்துல எழுதறேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுக்கு வெள்ளை அடிக்கல. அதனால இருக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 19 பேரும் சொன்னதை எழுதிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு, சொன்னபடியே தம்பி வந்தார். அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களில் யாருக்கேனும் பயன்படும்.

முதலில் அவர் கூறியது: "கணினி துவங்கலைங்கறது வேற, உள்ள இருக்கற கணக்கு அழிஞ்சதுங்கறது வேற." கோப்புகள் வன்தட்டில் இருக்கின்றன. கணினியின் மற்ற உறுப்புகள் அனைத்தும் கெட்டாலும், வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி இணைப்பான் வழியே வேறொரு கணினியில் பொருத்திப் படிக்க இயலும். வன்தட்டே 'டிக், டிக்' என்று சத்தமிட்டால்தான் அஞ்ச வேண்டும்; அப்போது மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால் எஞ்சியிருப்பதும் அழியக்கூடும். இதை முதல் நாளே அறிந்திருந்தால் பாதி அச்சம் தீர்ந்திருக்கும்.

அடுத்து, பொத்தானை அழுத்தியவுடன் என்ன நிகழ்கிறது என்று விளக்கினார். எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டி, தன் மின்சாரம் சீராக இருப்பதாக மதர்போர்டுக்குச் செய்தி அனுப்புகிறது. அதன்பின் பயாஸ் எனும் அடிப்படை நிரல் விழித்து, நினைவகமும் திரைக்கான உறுப்பும் இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. அனைத்தும் சரியாயின் வன்தட்டைத் தேடி, அதிலுள்ள விண்டோஸை எழுப்புகிறது. எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடித்தால் பழுதில் பாதி தீர்ந்ததாம். விளக்கே எரியாவிட்டால் மின்சாரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து திரை இருண்டிருந்தால் நினைவகம், திரைக்கான உறுப்பு ஆகியவற்றின் பக்கம். திரையில் எழுத்து வந்த பிறகு நின்றால் வன்தட்டு, விண்டோஸ் ஆகியவற்றின் பக்கம்.

நான் பழுதின் அடையாளமாக எண்ணி அஞ்சிய அந்த நீண்ட ஒலி, உண்மையில் கணினி தன் நோயைச் சொன்ன மொழி. திரை இன்னும் விழிக்காததால் அது ஒலியால் பேசுகிறது. ஒலிகளின் பொருள் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். நீண்ட ஒலி விட்டுவிட்டுத் தொடர்ந்தால் பெரும்பாலும் ரேம் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். இரண்டு நாள்களாக அது சொல்லிக்கொண்டே இருந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்தார். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுத் தன் உடலிலுள்ள நிலைமின்னையும் இறக்கிக்கொண்டார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே தூசி படிந்திருந்தது. ரேம் பலகையின் ஒரு முனை மயிரிழை அளவு மேலெழும்பி இருந்தது. தூக்கிச் சென்றபோது தளர்ந்திருக்க வேண்டும். அதை எடுத்து, பொன்னிறப் பற்களை என் மகனின் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்தினார். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது என்று எச்சரித்தார். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

பொத்தானை அழுத்தியதும் திரையில் எழுத்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் விண்டோஸ் வரவில்லை. துவங்குவதற்குரிய வட்டு எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி நின்றது. என் முகம் மாறியதைக் கண்ட தம்பி, "பொறுங்க பாய்" என்று பயாஸுக்குள் நுழைந்தார். அங்கே தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. "இதுதான் விஷயம்" என்று, மதர்போர்டிலிருந்து நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரியைக் கழற்றிக் காட்டினார்.

சிஆர் 2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட். தேதியையும், எந்த வட்டிலிருந்து எம்முறையில் துவங்க வேண்டும் என்ற அமைப்புகளையும் மின்சாரம் இல்லாதபோது காத்துவைப்பது அதன் வேலை. எங்களுடையது எப்போதோ செத்துப்போயிருந்தது. கணினி எந்நேரமும் சுவர் மின்சாரத்தில் இணைந்தே இருந்ததால் அது வெளியே தெரியவில்லை. வெள்ளையடிக்க நான்கு நாள்கள் இணைப்பைக் கழற்றியபோது எல்லா அமைப்புகளும் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிட்டன. வன்தட்டில் ஒரு குறையும் இல்லை. அதை எங்கே, எவ்வாறு தேடுவது என்பதையே கணினி மறந்திருந்தது. தம்பி புதிய பேட்டரியை எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு பொருத்தி, தேதியைத் திருத்தி, வட்டின் அமைப்பைப் பழையபடி வைத்தார். தேதியைத் திருத்தாமல் விட்டால் வங்கி போன்ற பாதுகாப்பான தளங்கள்கூடத் திறக்காதாம்; அவற்றின் சான்றுகள் தேதியைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன.

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றதை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் மருந்து எளியதே: ஒவ்வொரு கணினியின் முன்பும் ஒருவர் அமர்ந்து, ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. நோய் சிறிது, அது எங்கே இருக்கிறது என்று தெரியாத வரை அது மலை.

விண்டோஸ் வந்தது. கோப்பும் திறந்தது. தம்பி விடைபெற்ற பின், நோட்டில் எழுதி வந்ததையும் கணினிக் கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். 16 பேர் சொன்னது ஒரு ஜோடி பிசகாமல் பொருந்தியது. ஒருவர் தமக்குச் சேர வேண்டியதைவிட 12 ஜோடி குறைத்துச் சொல்லியிருந்தார். நாள்காட்டியில் ஒரு தாள் கிழிந்திருக்கலாம். எஞ்சிய இருவர் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் 46 ஜோடி. கரிக்கோட்டு மூதாட்டி 31 ஜோடி.

என் உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணம், 'இந்த வயதில் பொய்யா' என்பதே. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

தொழிற்சாலைக்கு அனுப்பிய சரக்குச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் சரிபார்க்க ஸஹர் நேரம் வந்துவிட்டது. பிழை அவர்களிடம் இல்லை. கூட்டல் சூத்திரத்தை நான் ஒரு குறிப்பிட்ட வரியோடு நிறுத்தி எழுதியிருந்தேன். அவ்விருவருக்கும் வேலை அதிகமானபோது அந்த வரிக்குக் கீழே புதிய வரிகளைச் சேர்த்தேன். அவை கூட்டலுக்குள் வரவேயில்லை. ஜோடிக்கு 12 ரூபாய் வீதம் ஒருவருக்கு 552 ரூபாய், மற்றவருக்கு 372 ரூபாய் குறைந்திருந்தது. கணினி பழுதின்றி ஓடியிருந்தால் 28ஆம் நோன்பன்று அந்தத் தொகையைக் குறைத்துத்தான் கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டு, கடமையை நிறைவேற்றிய நிம்மதியோடு பெருநாள் தொழுகையில் நின்றிருப்பேன்.

சென்ற ஆண்டின் கோப்பையும் திறந்தேன். அதே கோப்பைத்தான் நகலெடுத்து இவ்வாண்டுக்குப் பயன்படுத்தியிருந்தேன். அதிலும் அதே பிழை. ஒரு பெண்மணிக்கு 58 ஜோடி விடுபட்டிருந்தது. அன்றைய கூலியில் 638 ரூபாய். அவர் ஆறு மாதங்களுக்கு முன்பு இறந்துவிட்டார்.

19 பேருக்கும் குறித்த நாளில் கொடுத்துத் தீர்த்தேன். பெருநாள் முடிந்த வாரத்தில் குடியாத்தத்தில் வசிக்கும் அப்பெண்மணியின் மகனைத் தேடிச் சென்றேன். நடந்ததைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். அவர் அதை எண்ணவில்லை. சிறிது நேரம் கழித்து, "அம்மா சொல்லிட்டே இருந்தாங்க பாய், கணக்கு குறையுதுன்னு. உங்ககிட்ட கேட்கக் கூச்சப்பட்டாங்க" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்டிருக்கிறேன். தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகராவின் 282ஆம் வசனம் அது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதுவதில் சோர்வு கூடாது என்றும், எழுதுபவன் நீதியோடு எழுத வேண்டும் என்றும், கொடுக்க வேண்டியவன் அதில் எதையும் குறைத்துவிடக் கூடாது என்றும் அது பணிக்கிறது. நான் எழுதத்தான் செய்தேன். ஆனால் நான் மட்டும் எழுதி, நான் மட்டும் படித்து, நான் மட்டும் கூட்டினேன். உழைத்தவர்களின் கணக்கு என் வீட்டுக்குள் பூட்டியிருந்தது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்திருக்கிறார்கள். அந்த ஹதீஸைக் கேட்ட போதெல்லாம் வேறு யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

நம் ஊருக்கு இது புதிய பாடமும் அன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரேட்டில் எழுதப்படாத செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. ஆறும் கிணறும் அதை எழுதிவைத்திருந்தன. கதவுக்குப் பின்னால் கரிக்கோடுகளைப் பார்த்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது.

இப்போது சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. மூட்டை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இருவரும் எண்ணைப் பார்த்துக் கையொப்பமிடுகிறோம். கையொப்பம் இடத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுகிறார்கள். கணினிக் கோப்புக்கு ஒரு நகல் பென் டிரைவிலும், இன்னொன்று இணையச் சேமிப்பிலும் இருக்கின்றன; வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை காலையில் புதுப்பிக்கிறேன். நகல் இருந்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது தம்பியின் அறிவுரை.

இன்னொன்றும் செய்தேன். ஒருநாள் நானே துவங்காமல் போனால் என் கடன்களை யார் அறிவார் என்ற கேள்வி அந்த வாரம் முழுவதும் என்னை விடவில்லை. மரண சாசனம் செய்ய வேண்டிய பொருளுள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்னும் நபிமொழியை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். என் கணினி நின்றதும் சரியாக இரண்டு இரவுகள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் எனக்கு எவ்வளவு தர வேண்டும், கணினியின் கடவுச்சொல் என்ன என்பதையெல்லாம் எழுதி உறையிலிட்டு, அது இருக்குமிடத்தை மனைவியிடம் சொல்லிவைத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

உங்கள் வீட்டிலும் வேலையாள், தையல்காரர், பால்காரர் என்று யாருடைய கணக்கேனும் உங்கள் கையில் மட்டும் இருக்கலாம். அதை இன்றே ஒருமுறை அவர்களோடு அமர்ந்து கூட்டிப் பாருங்கள். அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக நம்மைத் தன்னிடம் அழைத்துக்கொள்ளாமல், அதைத் தீர்க்கும் அவகாசத்தையும் மனத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.